கடல்நீர்த் தொட்டியும் கிணற்று நீரும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் கேட்டு எழுதியபோது, நாம் படித்த காலத்துத் துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியோ விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆயின், அவற்றை எம்மிலும் நன்றாக எழுதவல்ல நண்பர் பலர் உளர். துடுப்பாட்டத்தில் நாம் எல்லைக் கோட்டுக்கு அப்பால் நின்று கைதட்டினோமேயன்றிக் களத்தில் இறங்கினோமல்லோம். ஆகவே எமக்குச் சற்றேனும் அனுபவமுள்ள ஒரு பொருளையே எடுத்துக்கொள்கின்றோம். அப்பொருள் பாசி, கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் அழையாத விருந்தாளியாய் வந்து, இருந்தவர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தானே குடிகொள்ளும் பாசி. இதனை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனையும் மறைக்கப் போவதில்லை.

1964 ஆம் ஆண்டிலே நாம் விஞ்ஞான மேல் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தோம். எமது விலங்கியல் ஆசிரியர் போத்தலில் அடைத்த உயிரினங்களைக் காட்டிப் படிப்பிப்பதில் நிறைவு காணாதவர். இரும்புச் சட்டத்திற் கண்ணாடி பதித்த தொட்டி ஒன்றைச் செய்வித்து, ஆய்வுகூடத்தின் மேற்கு யன்னலோரம் வைத்து, பருத்தித்துறையிலிருந்து லொறியிற் கடல்நீர் கொணர்ந்து நிரப்பினார். அதனுள் ஒரு கடல் முள்ளி, ஒரு நட்சத்திர மீன், இரண்டு மூன்று இறால், சங்கோட்டுக்குட் குடியிருக்கும் சில நண்டுகள், விரலளவு மீன்கள் நான்கைந்து என்பன வாழ்ந்தன. அவற்றுக்கு உணவிடும் பொறுப்பும், வற்றும் நீரை ஈடுசெய்யக் கல்லூரிக் கிணற்றிலிருந்து நன்னீர் வார்க்கும் பொறுப்பும் எம்மிடம் விடப்பட்டன. நாம் கொண்ட பெருமைக்கு அளவில்லை. பெருமை மிகுந்தமையால் உணவும் மிகுந்தது. மீன் துண்டுகளை ஒரு கைப்பிடி போடுவோம். உண்டது போக எஞ்சியது மணலிற் கிடந்து அழுகும்.

மூன்றாம் வாரம் கண்ணாடியில் மண்ணிறத் தூள் படர்ந்தது. ஐந்தாம் வாரம் அது பச்சையாயிற்று. அடுத்து, கற்களிலெல்லாம் பச்சை மயிர் முளைத்தாற்போல் நீண்ட இழைகள் அசையத் தொடங்கின. நாம் சுரண்டினோம், மறுவாரமே முன்னிலும் தழைத்து வந்தது. ஆசிரியர் அதனைக் கண்டு வருந்தவில்லை. "இது சாப்பாடில்லாமல் வளராது. எங்கேயிருந்து சாப்பிடுகுது என்று கண்டுபிடியுங்கோ" என்று மாத்திரம் கூறிவிட்டுப் போய்விட்டார். அந்த வினாவை நாம் பொருட்படுத்தவில்லை. பரிசளிப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பெற்றாரும் பெரியாரும் ஆய்வுகூடத்தைப் பார்வையிட வருவர். தொட்டியோ குளத்து மூலையைப் போலிருந்தது.

குளங்களிற் பாசியை ஒழிப்பதற்குச் செப்புச் சல்பேற்றை இடுவதுண்டு என்று ஏதோ ஒரு சஞ்சிகையில் நாம் வாசித்திருந்தோம். அது பொய்யன்று, நன்னீர்த் தேக்கங்களில் அம்முறை நெடுங்காலமாகக் கையாளப்பட்டதே. தோட்டக்காரர் மயில்துத்தம் என்று வாங்கும் அப்பொருள் இரசாயன அலுமாரியிலும் இருந்தது. விழாவுக்கு முதல்நாள் மாலை, எவரும் இல்லாத நேரம் பார்த்து, அதில் ஒரு கரண்டியைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினோம்.

மறுநாட் காலை பாசி அப்படியே இருந்தது. கடல் முள்ளியின் முட்கள் உதிர்ந்து மணலிற் சிதறிக் கிடந்தன. நட்சத்திர மீன் குழைந்து கிடந்தது. இறால்கள் ஒருக்களித்துக் கிடந்தன. சங்கோட்டு நண்டுகள் ஓட்டைவிட்டு வெளியே வந்து இறந்திருந்தன. மீன்கள் மாத்திரம் நீர்மட்டத்தில் வாய் பிளந்து திரிந்தன. முள்ளந்தண்டில்லாத கடல் உயிரினங்களுக்குச் செம்பு எத்துணைக் கொடிய நஞ்சு என்பது அன்று எமக்குத் தெரியாது.

முதல்நாள் மாலை ஆய்வுகூட உதவியாளர் மேசைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவியிருந்தார். அக்கையோடு அவர் தொட்டி நீரைத் தொட்டிருப்பார் என்று எவரோ சொல்ல, எல்லோரும் அதனை நம்பினர். அவரும் நம்பினார். பலர் முன்னிலையில் அவருக்கு ஏச்சு விழுந்தது. அவர் தலைகுனிந்து நின்றதை நாம் பார்த்துக்கொண்டு நின்றோம், வாய் திறக்கவில்லை. அதன்பின் அத்தொட்டியின் அருகே வருந்தோறும் அவர் தமது கைகளைச் சாறத்தில் இருமுறை துடைத்துக்கொள்வார். ஆசிரியர் மேலும் இருமுறை இறால் கொணர்ந்து விட்டார், அவையும் மாண்டன. செம்பு நீரில் மாத்திரம் நிற்பதன்று. சுண்ண மணலிலும் கல்லிலும் படிந்திருந்து சிறிது சிறிதாகப் பின்னரும் கசியும். இறுதியிற் கடல்நீர் வெளியேற்றப்பட்டு, தொட்டி பழைய தாள்களை அடுக்கும் பெட்டியாயிற்று. மயில்துத்தம் ஊற்றியது நாமே என்பதை இந்த அறுபது ஆண்டுகளாக நாம் கல்லூரியில் எவரிடமும் கூறியதில்லை. இம்மலரிலே கூறுகின்றோம்.

நில அளவைத் தொழிலில் ஊரூராய்த் திரிந்து, ஓய்வு பெற்று, 2011 இல் யாழ்ப்பாணத்துப் பழைய வளவுக்குத் திரும்பினோம். 2017 இல், பேரப்பிள்ளைகள் பார்ப்பதற்கு என்று வீட்டாரிடம் காரணம் கூறிக்கொண்டு, மூன்றடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமுமான ஒரு தொட்டியை வரவேற்பறையில் அமைத்தோம். கல்லும் மணலும் போக ஏறத்தாழ 150 லீற்றர் கடல்நீர் பிடித்தது. இம்முறை எல்லாம் புத்தகப்படி. நீரைச் சுழற்றும் பம்பி, அழுக்கை நுரையாக்கிக் கிண்ணத்தில் ஒதுக்கும் கருவி, மின்னொளி, வெப்பமானி, உப்பளவு காட்டும் மானி எல்லாம் கொழும்பிலிருந்து வந்தன. மின்கட்டணத்தை இல்லத்தரசியாருக்குக் காட்டாமற் கட்டினோம்.

ஆயினும் பாசி வந்தது. அதே வரிசை: முதலில் மண்ணிறம், அடுத்துப் பச்சை மயிர்.

பாசி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை ஓரினத்தன அல்ல. முதல் மாதத்திற் கண்ணாடியிற் படியும் மண்ணிறத் தூள் தயற்றங்கள். சிலிக்காவினால் ஓடு செய்துகொள்ளும் நுண்ணுயிர்கள். புதுநீரிலுள்ள சிலிக்கா தீர்ந்ததும் பெரும்பாலும் தாமே குறைந்துவிடும். அவற்றோடு போராடுவது வீண். பச்சை இழைகளோ வேரூன்றிய பகைவர். மூன்றாவதாக, மணலின்மேற் செந்நீலப் பட்டு விரித்தாற்போல ஒன்று படரும். அது உண்மையில் அல்காவன்று, சயனோபற்றீரியா. பிற்பகலில் அதன்மேல் ஒட்சிசன் குமிழிகள் முத்துப்போல் நிற்கும், காலையிற் காணா. குழாயால் உறிஞ்சினால் தோல் உரிவதுபோல் ஒரே விரிப்பாய் வரும், நாற்றமும் வரும். நீரோட்டம் மந்தமான மூலைகளிலேதான் அது பெரிதும் தங்கும். அவற்றுட் சில காற்றிலிருந்து நீரிற் கரையும் நைதரசனையே தம் உணவாக்க வல்லன. ஆதலால், நைத்திரேற்றை மாத்திரம் ஒழித்துப் பொசுபேற்றை விட்டுவைத்தால், பச்சை போய்ச் சிவப்பு வந்து சேரும். கடல் மிதவையுயிர்களில் நைதரசனும் பொசுபரசும் ஏறக்குறைய 16 இற்கு 1 என்ற விகிதத்தில் உள்ளன என்று ரெட்பீல்ட் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டினார். தொட்டி வளர்ப்போர் அவ்வெண்ணை வேதவாக்காகக் கொள்வர். எமது அனுபவத்தில் அது வழிகாட்டியே, சட்டமன்று.

இத்தொல்லை எமக்கு மாத்திரம் வந்ததன்று. 1850 அளவில் இலண்டனில் வாரிங்டன் என்னும் இரசாயனர் மீனையும் நீர்த்தாவரத்தையும் ஒரே பாத்திரத்தில் வாழவிட்டபோது, அழுகிய இலையும் பாசியும் சேர்ந்து நீரைக் கெடுத்தன. குளத்து நத்தைகளை விட்ட பின்னரே பாத்திரம் தெளிந்தது. அதே நகரில் 1871 இல் திறக்கப்பட்ட கிறிஸ்டல் பலஸ் கடல்நீர்க் காட்சிச்சாலையை அமைத்த லொயிட் என்பவர், பெருந்தொகை நீரை இருட்டான தேக்கத்தில் வைத்துச் சுற்றிவரச் செய்து தெளிவைக் காத்தார். ஒருவர் மேய்ப்பவனை ஏவினார். மற்றவர் ஒளியை மறுத்தார். பின்வந்தோர் செய்தவற்றிற் பெரும்பகுதி இவ்விரண்டின் விரிவே.

மேய்ப்பவனைப் பற்றி ஒன்று கூறவேண்டும். கரிபியன் கடலில் நீண்ட கரிய முட்களையுடைய ஒருவகைக் கடல் முள்ளி, 1983 இலும் 1984 இலும் ஏதோ நோயினாற் கூட்டங்கூட்டமாய் மடிந்தது. ஜமெய்க்காவில் மீன்களும் முன்னரே அளவுக்குமீறிப் பிடிக்கப்பட்டிருந்தன. முருகைக்கற்பாறைகளைப் பாசி மூடிக்கொண்டது; பாறைப் பரப்பில் ஏறக்குறையப் பாதியை மூடியிருந்த உயிர்முருகை, சூறாவளியும் பிறவும் சேர, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது. இதனை வாசித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. ஆய்வுகூடத் தொட்டியில் அப்பாசியை மேய்ந்துகொண்டிருந்த பெரும் மேய்ப்பவன் அந்தக் கடல் முள்ளியே. பாசியை ஒழிக்கப் புறப்பட்ட நாம் பாசியை உண்பவனைக் கொன்றோம்.

இனி வீட்டுத் தொட்டிக்கு வருவோம். யன்னல் வெயிலைத் திரையால் மறைத்தோம். பன்னிரண்டு மணிநேர ஒளியை எட்டாகக் குறைத்தோம். உணவை அரைவாசியாக்கினோம். பழைய பற்றூரிகையால் இழைகளைத் தேய்த்து, குழாயால் உறிஞ்சி, வாரந்தோறும் ஐந்திலொரு பங்கு நீரை மாற்றினோம். பாசி குறைந்தது; ஒழியவில்லை. நைத்திரேற்றைச் சோதிக்கும் சிறு பெட்டி ஒன்றை வாங்கித் தொட்டி நீரைச் சோதித்தால், குழாயில் வெளிர்மஞ்சள். அதாவது ஒன்றுமில்லாததற்கு அண்மை. உணவே இல்லாத நீரிற் பாசி எவ்வாறு தழைக்கும்? எமது ஆசிரியரின் வினா ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் எமது வரவேற்பறையில் வந்து நின்றது.

2019 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எமது கல்லூரி உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், அயல்வீட்டுப் பிள்ளை, தொட்டி கழுவ உதவிக்கு வருவான். ஒருநாள் நாம் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்க, அவன் சோதனைப் பெட்டியோடு கிணற்றடிக்குப் போய்வந்தான். இரண்டு குழாய்களை எம்முன் நீட்டினான்.

"ஐயா, இது தொட்டித் தண்ணி, மஞ்சள். இது உங்கட கிணற்றுத் தண்ணி."

இரண்டாவது குழாய் செங்கல் நிறமாயிருந்தது.

வெப்பத்தில் எமது தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் அளவில் நீர் ஆவியாகும். நீர்தான் போகும், உப்புப் போகாது. ஆதலால் நன்னீரே வார்த்து நிரப்பவேண்டும். அந்நன்னீரை நாம் கிணற்றிலிருந்தே, 1964 இற் செய்ததுபோலவே, வார்த்துவந்தோம். தொட்டியின் நீரில் நைத்திரேற்றுக் காணப்படாமைக்குக் காரணம் அது வராமையன்று. வந்த அன்றே பாசி அதனை உண்டுவிட்டமை. பெட்டியிற் பணமில்லை என்று கடைக்காரனை வறியவன் எனல் ஆகாது. வரவை அன்றன்றே சரக்காக மாற்றியிருப்பான்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது மீன் வளர்ப்போருக்கு மாத்திரம் உரிய செய்தியாய் முடிந்திருக்கும். அவ்வேளை எமது இளைய மகள் மூன்று மாதக் குழந்தையோடு எம்மிடம் வந்திருந்தாள். தாய்ப்பால் போதாமையாற் குழந்தைக்குப் பால்மாவும் கரைத்துக் கொடுக்கப்பட்டது. கரைத்த நீர் அதே கிணற்று நீர். கொதிக்கவைத்து ஆறவிட்டதுதான், எமது இல்லத்தரசியார் இவ்விடயத்தில் மிகுந்த கவனமுடையவர். கிருமி கொதிப்பில் இறக்கும். நைத்திரேற்று இறக்காது, நீர் ஆவியாகப் போவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும்.

நைத்திரேற்று மிகுந்த நீரைப் பருகும் இளங்குழந்தையின் உடலில் அது நைத்திரைற்றாக மாறி, குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசன் காவ இயலாததாக்கிவிடும். குழந்தையின் உதடும் விரலும் நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துத் தோட்டக் கிணறுகளின் நீரருந்திய குழந்தைகளிடம் இதனைக் கண்டு, கொம்லி என்னும் மருத்துவர் 1945 இல் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இவற்றையெல்லாம் அன்று மாலை மாணவன் கைத்தொலைபேசியில் வாசித்துக் காட்ட, நாம் குழந்தையின் நகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அவை சிவப்பாகவே இருந்தன. ஆயினும் அன்றிரவே போத்தல் நீர் வாங்குவித்தோம். மறுநாள் குழந்தையை மருத்துவரிடம் காட்டினோம். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றார்.

மீன்தொட்டிச் சோதனையை நம்பிக் கிணற்றைப் பழிக்கலாமோ என்று கிணற்று நீரை முறையான ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பினோம். அறிக்கையில் 17 என்றிருந்தது. எல்லை 50, எமதோ 17! வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். அறிக்கையை வாங்கிப் பார்த்த மாணவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின், "ஐயா, இது நைத்திரேற்று இல்லை, நைத்திரேற்றிலுள்ள நைதரசன்" என்றான். ஒரு நைதரசன் அணுவின் நிறை 14. முழு நைத்திரேற்றின் நிறை 62. ஆகவே 17 ஐ 4.43 ஆற் பெருக்கவேண்டும். விடை 75. ஒரு சொல் விடுபட்டால் நஞ்சு நன்னீராகத் தோன்றும் என்பதை அன்று கண்டோம். இத்தகைய அறிக்கை கைக்கு வருவோர் எந்த அலகில் எழுதப்பட்டுள்ளது என்பதை முதலிற் பார்க்கக் கடவர்.

நாளொன்றுக்கு இரண்டு லீற்றர், லீற்றருக்கு 75 மில்லிகிராம். 150 மில்லிகிராம் நைத்திரேற்று 150 லீற்றர் நீருக்குள் நாள்தோறும் போயிற்று. தெளிந்த முருகைக் கடலில் லீற்றருக்கு ஒரு மில்லிகிராமும் இராது. நாமோ அவ்வளவையும் ஒவ்வொரு நாளும் வார்த்துவிட்டு, பாசி ஏன் வருகின்றது என்று பற்றூரிகையோடு நின்றோம்.

கிணற்றுக்கு அது எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறைமேல் விரித்த மெல்லிய செம்மண் விரிப்பு. பாறையெங்கும் வெடிப்பும் குகையும். மழைநீர் விரைவாய் இறங்கித் தேங்குகின்றது. அதனாலன்றோ ஆறில்லாத நாட்டில் நாம் பயிர்செய்து வாழ்கின்றோம். ஆயின் மழையோடு யூரியாவும் அவ்வழியே இறங்கும். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகமாய் விளையும் தோட்டங்களில் இடப்படும் பசளை முழுவதையும் பயிர் உண்பதில்லை. மலசலகூடக் குழிகளும் கிணறுகளும் அடுத்தடுத்து நெருங்கியுள்ள குறிச்சிகளில் அவ்வழியாகவும் வரும். எமது வளவுக்கு வடக்கே வெங்காயத் தோட்டம். தெற்கே நான்கு வீட்டுக் குழிகள். எதனைக் குறைகூறுவது? எமது குழியும் அந்நான்கில் ஒன்று.

வீட்டிற் குடிநீருக்குச் சவ்வினூடு நீரை அழுத்தி வடிக்கும் கருவி பூட்டப்பட்டது. தொட்டிக்கு மாரியில் ஓட்டுக்கூரையின் முதல் மழையை ஓடவிட்டு, பின்வரும் நீரைத் தாங்கியிற் பிடித்து வைத்தோம். செந்நீல விரிப்புக்கு மூன்று நாள் தொட்டியைக் கறுப்புச் சீலையால் மூடி முழு இருட்டு. கூடு போட்டு மீன்பிடிக்கும் நண்பர் ஒருவர் பாறை நத்தைகள் சிலவற்றையும், உள்ளங்கையளவு ஓரா ஒன்றையும், தூண்டில் நூற்சிக்கல் போன்ற ஒரு பச்சைக் கடற்பாசியையும் கொணர்ந்து தந்தார். அப்பாசியைப் பக்கத்தே ஒரு சிறு தொட்டியில் இட்டு, இரவில் விளக்கெரித்து, பெரிய தொட்டி நீரை அதனூடே ஓடவிட்டோம். வேண்டாத பாசி உண்ணும் உணவை வேண்டிய பாசி முந்தி உண்ணும். வாரந்தோறும் ஒரு பிடி பிடுங்கிக் கத்தரிக்குப் பசளையாக்கலாம். பிடுங்கியதைக் கடலிலோ வாய்க்காலிலோ எறிதல் ஆகாது. 1984 இல் மொனாக்கோவின் கடல்நூதனசாலை அருகே கடலிற் காணப்பட்ட கோலேர்பா என்னும் தொட்டிப் பாசியினம் பின்னர் மத்தியதரைக் கடலில் எத்துணைத் தூரம் பரவிற்று என்பதை அறிந்தோர் அறிவர்.

நான்கு மாதத்திற் கண்ணாடி தெளிந்தது. பாசி முற்றாக ஒழிந்தது என்று கூறோம். கல்லிடுக்கில் இன்றும் உண்டு. ஓரா அதனை மேய்கின்றது. அது இப்பொழுது ஒரு சாண் வளர்ந்துவிட்டது. அதன் முள்ளின் கடுப்பை அறிந்த நாம் தொட்டிக்குட் கைவிடுமுன் அது எங்கே நிற்கின்றது என்று பார்த்துக்கொள்வோம். கூழ் காய்ச்சும் நாட்களில் வீட்டுக்கு வரும் உறவினர் அதனைப் பார்க்கும் பார்வை வேறு.

அந்த ஆய்வுகூட உதவியாளர் காலமாகிப் பல்லாண்டுகள். சென்ற ஆண்டு அவருடைய மகனைத் தேடிச்சென்று, நடந்ததைக் கூறினோம். அவரும் எழுபதை அண்மியவர். நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா வீட்டிலையும் சவர்க்காரக் கையோடை எங்களை ஒரு பாத்திரத்தையும் தொட விடமாட்டார், ஐயா" என்றார். வேறொன்றும் கூறவில்லை. தேநீர் தந்தார், பருகிவிட்டு வந்தோம்.

விழாவையொட்டிக் கல்லூரி ஆய்வுகூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி மீண்டும் அமைக்கப்பட்டுள்ளது. இம்முறை யன்னலுக்கு எதிர்ப்புறச் சுவரோரம். கூரைநீர் பிடிக்கும் தாங்கியும் உண்டு. பராமரிப்போர் உயர்தர வகுப்பு மாணவர். அவர்கள் கிணற்று நீரையும் சோதிக்கத் தொடங்கியுள்ளனர். விழாவுக்கு வரும் பழைய மாணவர் தத்தம் கிணற்று நீரில் ஒரு போத்தல் கொண்டுவரலாம். போத்தலை அதே நீரால் மும்முறை அலசி, கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, அன்று காலையே எடுத்து வருதல் வேண்டும். கிணறு உள்ள குறிச்சியையும், மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தையும், அருகே தோட்டமுண்டாயின் அதில் என்ன பயிர் என்பதையும் ஒட்டுத்தாளில் எழுதிவிடுக. வீட்டிற் கைக்குழந்தை இருப்பின் அதனையும் எழுதுக. அப்போத்தல்கள் முதலிற் சோதிக்கப்படும்.